அப்பாவின் கையை அளந்தார்கள்

மருத்துவ முகாமுக்குப் போகிற அன்று அப்பா எனக்கு முன்பே எழுந்து குளித்துவிட்டார். நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, நெற்றியில் திருநீறு பூசி, பொங்கலுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். முதல் நாள் சாயங்காலமே சலூனுக்குப் போய் முகம் மழித்திருந்தார். சட்டைப் பொத்தான்களை அவரே போட்டிருந்தார். அதை அம்மா கவனிக்க வேண்டும் என்று அடுப்படி வாசலில் போவதும் வருவதுமாக இருந்தார்.

"பொண்ணு பார்க்கப் போறாப்புல கிளம்பியாச்சு," என்றாள் அம்மா. "ஒங்க கையைத்தான பார்க்கப் போறாவ, மொகரையவா பார்க்கப் போறாவ?"

"ஒரு டாக்டர் எதுக்கப் போயி நிக்கணும்லா. பராரி மாதிரியா போவ முடியும்?"

"பராரிக்குத்தான் பணம் குடுக்கான் கவர்மெண்டுல."

அப்பா சைக்கிளை வெளியே எடுத்தார். என்னைப் பின்னால் உட்கார வைத்து மெயின் ரோடு வரைக்கும் மிதித்தார். எங்கள் ஊர் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற சாலையில் இறங்கி உள்ளே போக வேண்டிய ஊர். மழை பெய்தால் உளுந்தும் பருத்தியும் போடுவார்கள். பெய்யாவிட்டால் எல்லோரும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போவார்கள். தொழிற்சாலை என்று எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். கல்லூரியில் சேர்ந்த புதிதில், என் அம்மா ஆபீஸுக்குப் போகிறவள் என்று சொன்னபோது பக்கத்தில் இருந்த மதுரைப் பெண் "என்ன போஸ்டிங்?" என்று கேட்டாள். நான் விளக்கம் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போய் முடித்த முதல் ஆள் நான். அப்பா வழியிலும் சரி, அம்மா வழியிலும் சரி, எனக்கு முன்னால் யாரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. நான் பி.காம். முடித்திருக்கிறேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. கோவில்பட்டியில் ஒரு இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகை, மாற்றுத்திறனாளி உதவித்தொகை, படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்களுக்கான உதவித்தொகை என்று வருகிறவர்களின் மனுக்களை ஏற்றிக் கொடுப்பதில் என் பகல் முழுவதும் போய்விடும். கடைசியாகச் சொன்ன அந்த உதவித்தொகைக்கு ஒரு காலத்தில் நானே விண்ணப்பித்திருக்கலாம். செய்யவில்லை. என் பெயருக்கு எதிரே வேலையில்லை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அப்பாவுக்கு இருக்கிற திமிர் எனக்கும் உண்டு.

அப்பாவின் வலது கை நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது வெந்தது. அவருக்குத் தீக்குச்சி முனையில் மருந்து முக்குகிற அறையில் வேலை. குச்சிகள் அடுக்கிய சட்டம் ஒன்று உரசித் தீப்பிடித்தது. அதை வெளியே தூக்கி எறிந்துவிட்டால் அறை தப்பிக்கும் என்று கையோடு எடுத்துக்கொண்டு ஓடினார். அறை தப்பித்தது. முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார், தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுத்தார், பிறகு அந்தச் சின்ன ஆபீஸையே மூடிவிட்டார். அப்பாவின் கையில் தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். நடுவிரலும் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையை நோக்கி மடங்கி அப்படியே நின்றுவிட்டன. ஆள்காட்டி விரல் பாதி வரும். கட்டை விரல் மட்டும் தப்பித்தது.

அந்தக் கையை வைத்துக்கொண்டு அவர் செய்ததை எல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான். மடங்கிய விரல்களுக்குள் சைக்கிள் கைப்பிடியை நுழைத்துக்கொள்வார். குடத்தை முழங்கையில் மாட்டி, வாயால் கயிற்றைப் பிடித்து, இடது கையால் முடிச்சுப் போடுவார். குடிநீர்க் குழாயிலிருந்து சைக்கிளில் இரண்டு பக்கமும் குடம் கட்டி டீக்கடைக்கும் இன்னும் சில வீடுகளுக்கும் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவதுதான் அவருடைய வேலை. யாராவது புது விருந்தாளி வந்தால் வேண்டுமென்றே அவர்கள் முன்னால் டம்ளரை வலது கையில் தூக்குவார்.

ஆனால் கல்யாண வீட்டுப் பந்தியில் மட்டும் உட்கார மாட்டார். வலது கையில் சோறு பிசைய முடியாது. இடது கையில் சாப்பிடுவதை ஊர் பார்க்கக் கூடாது. வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து இடது கையால் கரண்டியில் அள்ளிச் சாப்பிடுவார். விசேஷ வீட்டில் யாராவது இழுத்தால், "வயிறு சரியில்ல அண்ணாச்சி" என்பார். எத்தனையோ கல்யாணங்களுக்கு அவருக்கு வயிறு சரியில்லாமல் போயிருக்கிறது.

உதவித்தொகைக்குப் போடலாம் என்று நான் பல நாள் சொல்லியும் கேட்காதவர், ஒரு நாள் தானாக வந்து சொன்னார். அம்மாவிடம் பீடிக்குக் காசு கேட்டு ஏதோ பேச்சு வந்திருக்கிறது. அம்மா இன்னும் ஆபீஸுக்குப் போகிறாள்; வீடு ஓடுவது அவள் கூலியிலும் என் சம்பளத்திலும்தான்.

"தண்ணி ஊத்துததுல என்ன வருது தாயி. ஒங்கம்மாட்ட போயி கை நீட்டுதேன். நீ சொல்லுதியே அது, என் பேருக்குத்தான வரும்?"

"ஒங்க பேருக்குத்தான்ப்பா. ஒங்க பேங்க் கணக்குலயே ஏறிரும்."

"அப்பம் போடு."

அவருக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். தன் பெயருக்கு என்று மாதம் ஏதாவது ஒன்று வர வேண்டும். அதற்கு முதலில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும். அட்டைக்கு, ஊனம் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறது என்று டாக்டர் எழுத வேண்டும். இதை நான் அவரிடம் சொன்னேன். "டாக்டர் கையைப் பார்த்து மார்க் போடுவாருப்பா" என்றுதான் சொன்னேன். அந்தக் கையைப் பார்த்தால் போதும், வேறு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. வகுப்பறைகளில் ஒவ்வொரு வாசலிலும் காது, கண், கை கால் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அப்பா பெஞ்சில் உட்காரத் தயங்கினார். உட்கார்ந்ததும் மேசையின் சாய்வுப் பலகையைத் தடவிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்கள் பழைய வேட்டியும் அழுக்குத் துண்டுமாக, பெருமூச்சும் முனகலுமாக இருந்தார்கள். அவர்கள் நடுவில் அப்பா பரீட்சை எழுத வந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

கூப்பிட்டார்கள். உள்ளே மேசைக்குப் பின்னால் வயதான டாக்டர். நான் வாசலோரம் நின்றேன்.

"எந்தக் கை? நீட்டுங்க."

அப்பா நீட்டினார்.

"விரலை விரிங்க பார்ப்போம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் குரல், அந்த மேசை, அந்தக் கேள்வி எல்லாம் அப்பாவுக்குப் பழக்கமானவை. ஆள் எடுக்கிற நாளில் ஆபீஸ் வாசலில் கணக்குப்பிள்ளை மேசை போட்டு உட்கார்ந்து "கையைக் காட்டு" என்பார். நடுங்குகிற கை, புண் உள்ள கை, வியர்க்கிற கை எல்லாம் வெளியே போய்விடும். சின்ன வயதிலிருந்து அப்பா அப்படித்தான் கையை நீட்டி வேலை வாங்கினார். கை வெந்த பிறகும் ஒவ்வொரு ஆபீஸாகப் போய் அந்த மேசைகளின் முன்னால் நின்று, "செய்வேன் அண்ணாச்சி, எல்லாம் வரும்" என்று காட்டியிருக்கிறார். யாரும் எடுக்கவில்லை.

அப்பா மடங்கிய விரல்களை மேசை விளிம்பில் வைத்து அழுத்தினார். நரம்பு புடைத்தது. விரல்கள் கொஞ்சம் விரிந்தன. டாக்டர் இரண்டு கால் உள்ள ஒரு அளவுகோலை வைத்து அளந்தார்.

"மடக்குங்க. இன்னும். ம். இந்த டம்ளரைத் தூக்குவீங்களா?"

தூக்கினார். மணிக்கட்டும் தோளும் சேர்ந்து தூக்கின. நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக நின்றது. முகத்தில் மட்டும் எதுவும் தெரியாமல் பார்த்துக்கொண்டார்.

"பேனா பிடிக்க வருமா?"

அப்பா கேட்காமலேயே மேசையில் இருந்த பேனாவை எடுத்தார். கட்டை விரலுக்கும் பாதி விரலுக்கும் நடுவில் செருகி, அங்கே கிடந்த துண்டுத் தாளில் கையெழுத்துப் போட்டார். நான் ஆறாம் வகுப்பு படித்தபோது அவருக்குச் சொல்லிக் கொடுத்த கையெழுத்து அது. கை வெந்த பிறகு ஒரு வருஷம் தரையில் கரித்துண்டால் எழுதி எழுதித் திரும்பக் கொண்டுவந்தார். கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தார்.

"பரவாயில்லையே," என்று டாக்டர் சிரித்தார். "நல்லா முயற்சி பண்ணியிருக்கீங்க. விட்டுராதீங்க, இப்படியே பண்ணிட்டு வாங்க." அவர் நல்ல மனிதர்தான். மனதாரப் பாராட்டினார். பிறகு தான் பார்த்ததை எழுதினார்.

வெளியே வந்ததும் அப்பா மரத்தடியில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

"பார்த்தியா? டாக்டரே சொல்லிட்டாரு. பத்தாவது, பன்னெண்டாவதுன்னு நீ மட்டும்தான் பாஸ் ஆவியோ? ஒங்கப்பனும் பாஸு."

என் கையில் தாள் இருந்தது. அதில் நாற்பதுக்குக் கீழே எழுதியிருந்தது. அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ வாங்கிக் கொடுத்தார், கூட ஒரு வடையும். "தின்னு, தின்னு" என்றார். அவர் டீயைக் குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் சொன்னேன்.

"யப்பா. கை நல்லாருக்குன்னு எழுதிட்டாருப்பா. கிடைக்காது."

அவருக்கு முதலில் புரியவில்லை. "நல்லாருக்குன்னுதான எழுதணும்?"

"இல்லப்பா. எவ்வளவு முடியலையோ, அதுக்குத்தான் இதுல மார்க்கு."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காற்றாலைகள் பின்னால் போயின. உழுது போட்ட கரிசல் மழைக்காகக் காத்து வெடித்துக் கிடந்தது. எங்கள் ஸ்டாப் வருவதற்குச் சற்று முன்னால் மெதுவாகக் கேட்டார்: "ஒரு மனுசன் எதுக்க நின்னு, எனக்கு ஒண்ணும் வராதுன்னு எப்படிச் சொல்ல?"

வீட்டில் அம்மா இதைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள். பிறகு கோபப்பட்டாள். பிறகு, "ஊருக்கெல்லாம் மனு போடுதா ஒங்க மவ. அப்பன் போயி சர்க்கஸ் காட்டிட்டு வந்துருக்காரு," என்றாள். அப்பா தட்டை வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுபரிசீலனைக்கு நான் மனுப் போட்டேன். அது வருவதற்குள் மாதங்கள் ஓடின. இந்த முறை அப்பாவைச் சும்மா அனுப்பக் கூடாது என்று நானும் அம்மாவும் முடிவு செய்தோம். பொய் சொல்லச் சொல்லவில்லை. கை செய்யாததைத் தோளும் பல்லும் முழங்கையும் செய்கின்றன. அவற்றைச் சும்மா வைத்துக்கொண்டால் போதும் என்று நான் அவருக்கு விளக்கினேன். தலையை ஆட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து டாக்டரானாள். என் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"பேரு என்ன? சரி. இந்தத் தம்ளரைத் தூக்கும் பார்ப்போம்."

சொல்லி முடிப்பதற்குள் அப்பா தூக்கிவிட்டார்.

"ஐயோ, வையுங்க கீழ! தூக்கக் கூடாதுங்கேன்!"

"நீதான தூக்கச் சொன்ன?"

"நான் சொல்லுவேன். நீங்க தூக்கப்பிடாது."

"தூக்கச் சொன்னா தூக்காம எப்படிட்டி இருக்க?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் சொல்லி எதைக் கேட்டீங்க? இத மட்டும் டக்குனு கேக்கிய."

நான் சிரித்துவிட்டேன். அம்மாவும் சிரித்தாள், கண்ணாடி நழுவி மூக்கில் நின்றது. அப்பாவும் சிரித்தார். மூன்று பேரும் அப்படிச் சேர்ந்து சிரித்தது அந்த வருஷத்தில் அன்று மட்டும்தான். அம்மா மறுபடியும் டம்ளரை நீட்டினாள். அப்பா கையைக் கொண்டுபோனார், டம்ளரைத் தொட்டார், தோளைத் தளர்த்தினார். டம்ளர் கீழே விழுந்து உருண்டது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. அப்பா குனிந்து அதை இடது கையால் எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தண்ணீருக்கு நேரமாச்சு என்று கிளம்பினார்.

இரண்டாவது முகாமுக்கு அவர் முகம் மழிக்கவில்லை. வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தபோது வேண்டாம் என்றார். தண்ணீர் எடுக்கப் போகும்போது போடுகிற, காலர் கிழிந்த சட்டையே போதும் என்றார்.

இந்த முறை பார்த்தது ஒரு பெண் டாக்டர். என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூட இருக்கலாம். எங்கள் பக்கத்துப் பேச்சுத்தான் பேசினாள். கோணத்தை அளந்தாள், விரல்களைத் தானே பிடித்து மெதுவாக நிமிர்த்திப் பார்த்தாள். எங்கே நிற்கிறதோ அங்கே நிறுத்தினாள். அப்பா தோளை அசைக்கவில்லை.

"சட்டைப் பட்டன் யாரு போட்டுவிடுவா?"

அப்பா கிழிந்த காலரைத் தடவினார். பிறகு, "வீட்டுல," என்றார்.

"சாப்பாடு எப்படி சாப்பிடுதீங்க, ஐயா?"

அவள் மரியாதையாகத்தான் கேட்டாள். அவளுடைய தாளில் அந்தக் கேள்வி இருந்தது. அப்பா அவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

"எடது கையில," என்றார்.

எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தினமும் பார்க்கிறேன். ஆனால் அதை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பேருக்கும் கேட்டிருக்கும்.

"வெளிக்கிப் போனா கழுவுததும் அதே கையிலதானா?" என்று அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வெளியே வந்துவிட்டேன். வராந்தாத் தூணில் பிள்ளைகள் பென்சிலால் கிறுக்கியிருந்த பெருக்கல் கணக்குகளைப் படித்துக்கொண்டு நின்றேன். கணக்குகள் எல்லாம் தப்பு.

பிறகு கிளார்க்கின் மேசையில் கூப்பிட்டார்கள். ஒரு பதிவேட்டில் கையெழுத்து வேண்டும். பேனாவை நீட்டியவரிடம் அப்பா, "ரேகைதான்," என்று சொல்லி இடது கட்டை விரலை மையில் வைத்தார்.

"யப்பா," என்றேன்.

"ச்சூ," என்றார்.

அவர் செய்ததுதான் சரி என்று எனக்குத் தெரியும். நாங்கள் சொல்லிக் கொடுத்ததை நன்றாகப் படித்துக்கொண்டார். ஆனாலும் அந்த நீல மைப் பெட்டியைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. எங்கள் வீட்டில் கைநாட்டு என்னோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அவர் விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார். கைநாட்டு வைக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் துடைப்பார்கள்.

அட்டை கிடைத்தது. பிறகு மனு, விசாரணை, தாலுகா ஆபீஸ். அதற்கும் பல மாதம் ஆனது. ஒரு காலையில் பணம் ஏறிவிட்டதாக அப்பாவின் போனுக்குச் செய்தி வந்தது. என்னைப் படிக்கச் சொன்னார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். "என் பேரு போட்டுருக்காம்லா?" என்று கேட்டார். கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள்தான் இருந்தன. போட்டிருக்கிறது என்றேன். அன்று அம்மாவுக்குச் சேவு வாங்கி வந்தார். மறுபடியும் அவருக்குப் பழைய நடை கொஞ்சம் திரும்பியது.

அது ரொம்ப நாள் நீடிக்கவில்லை.

டீக்கடையில் எப்போதும் டி.வி. ஓடும். அன்று செய்தியில், அரசாங்கம் உதவித்தொகைகளுக்கே இவ்வளவு செலவழித்தால் கஜானா தாங்குமா என்று கோட்டுப் போட்டவர்கள் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், எனக்கு மாமா முறை, அப்பா குடங்களோடு வந்து சைக்கிளை நிறுத்துவதைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாராம்:

"இந்தா வந்துட்டாருல்லா, கஜானாவைக் காலி பண்ணுத ஆளு! ஏ மச்சான், ரெண்டு பக்கமும் குடத்தைக் கட்டிக்கிட்டு டபுள்ஸும் அடிக்கீரு, ஊனம் எங்கன இருக்கு? உள்ளயா?"

கடையே சிரித்தது. அப்பாவும் சிரித்திருக்கிறார். மாமன் மச்சான் கேலிதான். சொன்னவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் கடைக்காரர் தண்ணீரை வாங்கிக்கொண்டே, "பார்த்து அண்ணாச்சி. கடம்பூர்ப் பக்கம் ஒருத்தருக்கு எவனோ போட்டோ புடிச்சு அனுப்பி பணத்தை நிப்பாட்டிட்டாங்களாம்," என்றிருக்கிறார். அது உண்மையா என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள் அப்பா சைக்கிளை எடுக்கவில்லை.

நான் சொன்னேன். சைக்கிள் ஓட்டக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை, தண்ணீர் எடுத்து ஊற்றுவதால் பணத்தை நிறுத்த முடியாது, கையை அளந்துதான் கொடுத்திருக்கிறார்கள், கால்களை இல்லை என்று சொன்னேன். அரசாணையை இறக்கி, அச்செடுத்து, வரி வரியாகப் படித்துக் காட்டினேன். படித்த மகள் படிப்பதைக் கேட்பதற்கு அவருக்கு எப்போதும் பிடிக்கும். பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்லுதது சரிதான் தாயி. டீக்கடையில இத யாரு படிப்பா?"

"படிக்கலைன்னா போறாங்க. ஒங்களுக்கு என்னப்பா?"

"நின்னுபோச்சுன்னா மறுபடி போயி அங்கன நிக்கணும்லா. அந்த டாக்டர் புள்ள கேட்டதை எல்லாம் கேக்கும்லா."

அச்செடுத்த தாள்களை மடித்து வைத்தேன். மையத்தில் என்னிடம் வருகிறவர்களின் கண்களில் அதற்குப் பிறகு இந்தப் பயத்தை நான் அடையாளம் காண ஆரம்பித்தேன். என் மேசைக்கு முன்னால் உட்காரும்போதே தளர்ந்து உட்காருகிறார்கள். நல்ல சேலை உடுத்தி வந்த ஒரு விதவை, என் மேசைக்கு வருமுன் முந்தானையால் கழுத்துச் சங்கிலியை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். தங்கமாக இருந்தாலும் கவரிங்காக இருந்தாலும் எனக்கு என்ன? ஆனால் நானும் அவர்களுக்கு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள்தான். செலவு, செலவு என்று டி.வி.யில் பேசுகிறார்கள். அந்தப் பணம் வேண்டும், அது கொடுக்கப்பட வேண்டியது, இன்னும் கூடக் கொடுக்கலாம். அதை நான் யாரிடமும் வாதாடுவேன். ஆனால் அதை வாங்குவதற்கு அப்பாவும் ஒரு விலை கொடுத்தார். அதைப் போட்டுக் காட்ட எந்தக் கணக்கிலும் இடம் இல்லை.

தண்ணீர் வேலையை வேறொருவர் எடுத்துக்கொண்டார். வீட்டுத் தண்ணீரை அம்மா ஆபீஸிலிருந்து வந்த பிறகு இடுப்பில் சுமந்து வருகிறாள். அப்பா பகலில் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிடுகிறாள். ஆரம்பத்தில் வீட்டுக்குள் அவரே போட்டுக்கொண்டு வெளியே போகும்போது மேல் பொத்தானைக் கழற்றி விட்டுக்கொண்டார். பிறகு வீட்டுக்குள்ளும் போடுவதில்லை. விரல்கள் முன்னைவிட இறுகிவிட்டன. தினமும் செய்த வேலைதான் அவற்றைக் கொஞ்சமாவது நிமிர்த்தி வைத்திருந்தது என்று இப்போது தெரிகிறது. "எண்ணெய் போட்டு நீவுங்கப்பா" என்றால், "இருக்கட்டும். இருந்தாத்தான் நல்லது," என்கிறார்.

போன ஐப்பசியில் ஒரு காலை. இரவெல்லாம் பெய்த மழை இன்னும் தூறிக்கொண்டிருந்தது. மினி பஸ் ஊருக்குள் வரவில்லை. கரிசல் மண் நனைந்தால் செருப்பைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். தார் ரோட்டோரமாகத்தான் நடக்க வேண்டும். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

"யப்பா, இன்னைக்கு மட்டும் சைக்கிள்ல கொண்டுபோய் விடுங்க."

அப்பா யோசித்தார். சைக்கிளைப் பார்த்தார். பிறகு, "நடந்தே வாரேன், வா," என்றார்.

கிளம்பும்போது துண்டை எடுத்து வலது கையில் சுற்றி, நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டார். புதிதாக அடிபட்டவர்கள் வைத்துக்கொள்வதைப் போல. இதற்கு முன் நான் அதைப் பார்த்ததில்லை. வெளியே போகும்போதெல்லாம் அப்படித்தான் போகிறார் என்று அம்மா பிறகு சொன்னாள். டீக்கடை வந்தது. மழைக்கு ஒதுங்கியவர்கள் சிலர் நின்றார்கள். "மவளை ஏத்திவிடவா மாப்ள?" என்று யாரோ கேட்டார்கள். அப்பா "ஆமா" என்றார். நடையைக் கொஞ்சம் மெதுவாக்கிக்கொண்டார். தோள் ஒரு பக்கமாக இறங்கியது. நான் தலை நிமிர்ந்து நடந்தேன். என் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தேன்.

கடையைத் தாண்டினோம். ஊர் முடிந்தது. இரண்டு பக்கமும் பருத்திக் காடு, ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரு ஆள் இல்லை.

"யப்பா. இங்கன யாரும் இல்லப்பா. கையை இறக்குங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். நான் சொன்னது உண்மைதான் என்று அவருக்கும் தெரிந்தது.

"இருக்கட்டும் தாயி," என்றார். "பழகிப்போச்சு."

மெயின் ரோடு வரைக்கும் அப்படியே வந்தார். பஸ் வந்தபோது நான்தான் கையைக் காட்டி நிறுத்தினேன். ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். மழை மறுபடியும் வலுத்திருந்தது. அவர் நடையை மாற்றிக்கொள்ளாமல், கையை நெஞ்சோடு பிடித்தபடி, யாரும் இல்லாத அந்தச் சாலையில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.